புலிக் கூண்டுக்கு எதிர் மேஜை

"செத்த நேரம் பொறுங்க சார். வெயில் எறங்குனா எந்திரிச்சு வரும்."

"நான் வந்தே ஒரு மணி நேரம் ஆச்சே?"

"வயிறு நெறஞ்சா அதுக்கு உறக்கந்தான். நீங்க அதுக்குள்ள இன்னொரு தட்டு சுக்கா சாப்புடுங்க."

சொன்னவர் ரஹ்மத்துல்லா, திண்டுக்கல் மிருகக்காட்சி சாலைக்குள் இருந்த வட்ட ஹோட்டலை நடத்துபவர். கேட்டவர் மதராஸிலிருந்து அரசாங்கக் காரில் வந்திருந்த சுற்றுலா அதிகாரி தேவசகாயம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருபதடி தூரத்தில் புலிக் கூண்டு. கூண்டின் பின்புறம் சிமெண்டில் கட்டிய குகை, உள்ளே ஒரே இருட்டு.

ரஹ்மத்துல்லாவிடம் முதலாளி சௌகத் அலி முடிவாகச் சொல்லியிருந்தார்: "வெளியூர்க்காரங்களுக்குக் காட்டத் தகுந்த இடம்னு அந்த ஆபீசர்கிட்ட எழுதி வாங்குங்க பாய், விட்டுர்றேன். இல்லேன்னா அடுத்த மாசத்துலருந்து இது தோல் கிட்டங்கி." உப்புத் தடவிய ஆட்டுத் தோல்கள் இந்தக் கண்ணாடிக்குள் கூரை வரை அடுக்கிக் கிடப்பதை நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அதிகாரியின் பார்வையைக் கூண்டிலிருந்து திருப்புவதற்காக, கட்டடத்தின் கதையை எடுத்தார்.

சௌகத் அலியின் அத்தா ஜமால் முகமது தோல் வியாபாரமாகச் சீமைக்குப் போயிருந்தபோது ஒரு மிருகக்காட்சி சாலையைப் பார்த்தார். அதன் நடுவே ஒரு கண்ணாடி ஹோட்டல். ஒட்டகச்சிவிங்கி எட்டிப் பார்க்க, துரைமார்கள் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்களாம். கப்பலில் திரும்பி வரும் வழியெல்லாம் அவருக்கு அதே கனவு. திண்டுக்கல்லுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். ஐம்பத்தொன்பதில் ஹோட்டலும் ஒற்றைக் காலில் எழுந்து நின்றது. நடுவில் ஒரே ஒரு தூண். அதன் உச்சியிலிருந்து விரித்த குடையைப் போலக் கூரை. சுற்றிலும் கண்ணாடி. தேடினாலும் ஒரு மூலை கிடைக்காது. மழை பெய்தால் கூரை விளிம்பிலிருந்து தண்ணீர் வட்டமாக இறங்கும். உள்ளே இருப்பவருக்கு ஊரே கரைந்து, தான் மட்டும் மிஞ்சிவிட்டதுபோல இருக்கும்.

கொத்தனார் மலைச்சாமி அதுவரை வட்டமாகக் கட்டியது கிணறு மட்டும்தான். ஆகவே கிணற்றுக்குச் செய்வதுபோலவே நடுவில் முளையடித்து, கயிறு கட்டிச் சுற்றிவந்து கோடு போட்டார். சாரம் பிரிக்கிற அன்று கூரை கட்டாயம் விழும் என்று வேடிக்கை பார்க்க ஊர் திரண்டது. மலைச்சாமி கூரைக்கு நேர் கீழே பாய் விரித்துப் படுத்துக்கொண்டார். சாயங்காலம் வரை விழவில்லை. வந்தவர்களில் பாதிப் பேர் ஏமாற்றத்தோடு வீடு திரும்பினார்கள்.

அதிகாரி சிரித்துவிட்டார். சிரித்தபடியே கண்ணாடியைத் தட்டிப் பார்த்து, இது ஏன் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கேட்டார்.

"நேரா நிறுத்துனா சாப்புடுறவுக மூஞ்சிதான் சார் அதுல தெரியும். சாய்ச்சு வச்சாத்தான் புலி தெரியும்."

மறுபடியும் பேச்சு புலியிடமே வந்துவிட்டது. ரஹ்மத்துல்லா அவசரமாக, வந்துபோகிறவர்கள் அபிப்பிராயம் எழுதும் நோட்டை நீட்டினார். கீரனூர் கண்ணுசாமி, வாலை மட்டும் பார்த்ததாகவும் அதுவே நாலு முழம் இருக்கும் என்றும் எழுதியிருந்தார். சின்னாளப்பட்டி ஜக்கம்மாள், உறுமின உறுமலில் கையிலிருந்த டீ சேலையில் கொட்டிவிட்டது என்று யாரிடமோ சொல்லி எழுத வைத்திருந்தாள். மான், மயிலைப் பற்றி நோட்டில் ஒரு வரியும் இல்லை. அதிகாரி பக்கம் பக்கமாகப் படித்துவிட்டு நாற்காலியைக் கண்ணாடியோடு ஒட்டிப் போட்டுக்கொண்டார்.

ரஹ்மத்துல்லா டீ வாங்க அடுப்படிக்குப் போனார். அவர் மனைவி குர்ஷித் பேகம் சட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"கறி தீந்துருச்சு. இன்னும் எம்புட்டு நேரந்தான் அந்த மனுசரை உக்கார வப்பீக?"

"அவரா எந்திரிக்கிற வரைக்கும்."

"எந்திரிச்சு நேரா கூண்டுகிட்டப் போனா?"

ரஹ்மத்துல்லா டீயை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

அதிகாரி எழுந்து நின்றிருந்தார். முகம் பளபளத்தது.

"பாய், பார்த்துட்டேன். நீங்க அந்தப் பக்கம் போன நிமிஷம் குகை வாசலுக்கு வந்து என்னையே உத்துப் பார்த்துச்சு. என்ன கம்பீரம்."

ரஹ்மத்துல்லா டம்ளரை மேஜையில் வைத்தார். அதிகாரி உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, தென் ஜில்லாக்களுக்கு வருகிறவர்கள் அவசியம் காண வேண்டிய இடம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். புலியைப் பற்றித் தனியாக ஒரு பத்தி. தாளை வாங்கிக்கொண்ட ரஹ்மத்துல்லாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இனி இந்தக் கட்டடத்துக்குள் ஒரு தோல்கூட வராது.

பேனாவை மூடிய அதிகாரி குரலைத் தாழ்த்தினார். அவருடைய சொந்த ஊரிலும் பொங்கலுக்கு ஒரு மிருகக்காட்சி சாலை திறக்கிறார்களாம். கரடி வந்துவிட்டதாம், மலைப்பாம்பு வந்துவிட்டதாம், மந்திரி வருவதற்கும் நாள் குறித்தாகிவிட்டதாம்.

ஹோட்டல் திறந்த மாதமே ஜமால் முகமது கண்மூடிவிட, புலி வாங்கிப் போட ஆளில்லாமல், நாலு வருஷமாக ஒரு பூனைகூடக் குடியேறாத அந்தக் கூண்டை ரஹ்மத்துல்லா மெல்லத் திரும்பிப் பார்த்தார்.

"ஆறே மாசம் போதும் பாய். முதலாளிகிட்டச் சொல்லி உங்க புலியை எங்களுக்கு இரவல் தர்றீங்களா?"