மச்சானுக்குத் தேன்

இருட்டிலும் ஆள் தெரியும் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்துப் பார்த்தார் கர்னல் விட்டோமிர். "பிரமாதம்! புதுசு மாதிரி வச்சிருக்கியே!" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

எல்லை முகாமின் கிடங்குப் பொறுப்பாளன் சார்ஜென்ட் திலெனுக்கு அந்தப் பாராட்டு முள்ளாகக் குத்தியது.

நாடு சின்னது. முகாம்கள் மொத்தமே நான்கு. கர்னல் நான்கையும் ஒரே நாளில், ஒரே காரில் சோதித்து முடித்துவிடுவார்.

அவர் பார்லி சூப் குடித்துவிட்டு வருவதற்குள், திலென் ஒரு மரப்பெட்டியைக் கட்டித் தூக்கி வந்தான்.

"ஐயா, அடுத்த முகாம்ல என் மச்சான் யூரெ இருக்கான். எங்க வீட்டுத் தேன். குடுத்துடுறீங்களா?"

"அதுக்கென்னப்பா, பின் சீட்ல வை."

பெட்டியைப் பின் சீட்டில் வைத்தான். இந்த நல்ல மனிதரிடம் மூன்றாவது வருஷமாக இதே பொய். திலெனுக்குத் தாங்கவில்லை.

"ஐயா, மன்னிச்சிடுங்க. அது தேன் இல்ல. நீங்க இப்பப் பார்த்த தொலைநோக்கி. அடுத்த முகாம்லயும் இதையேதான் காட்டுவாங்க. நம்பர் சீட்டை மட்டும் மாத்தி ஒட்டிக்குவோம். இன்னிக்கு ராத்திரி எங்க எல்லைக்குக் கண்ணே கிடையாது."

கர்னல் காதுவரை சிவந்துபோனார். அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"தெரியும்ப்பா. நான் இங்க லெப்டினன்ட்டா இருந்தப்போ ஆப்பிள்னு சொல்லி அனுப்புவேன். சீட்டு ஒட்டுற யோசனையே என்னோடதுதான்."

தன் கோட்டைக் கழற்றிப் பெட்டியைச் சுற்றினார். அதற்கு சீட் பெல்ட்டையும் மாட்டிவிட்டு, டிரைவரிடம் தணிந்த குரலில் சொன்னார்:

"மெதுவா ஓட்டு. நாட்டுக்கே இது ஒண்ணுதான் இருக்கு."