இடுப்புக் கொக்கி

பகல் வெயில் ஜன்னல் வழியாக வந்து, ஸ்கூபா கருவிகளை அலசும் தொட்டித் தண்ணீரில் நெளிகிறது. ஈர ரப்பர் வாடை. பயிற்சியாளர், புதிதாக வந்தவரைப் பிடித்து உலுக்காத குறையாகக் கத்துகிறார். "இந்த இடுப்புக் கொக்கிய எந்த மடையன் உங்களுக்கு வித்தான்? காத்து தீர்ந்து வர்றவங்களுக்குக் கொடுக்குற உதிரி மூச்சுக்குழாய் நெஞ்சுலதான் தொங்கணும். கடலுக்கடியில காத்து தீர்ந்து எங்கண்ணன் என்கிட்ட வந்தப்ப, என்னோட உதிரி இந்த மாதிரிக் கொக்கியிலதான் சிக்கிக்கிச்சு. இழுத்து இழுத்துப் பார்த்தே போய்ச் சேர்ந்துட்டார்." மேஜையருகே அவருடைய அண்ணி முகக்கண்ணாடிகளைத் துடைத்து அடுக்குகிறாள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவர் சொல்லும் இந்தக் கதையை நாலு வருஷமாகக் கேட்கிறாள். இன்று தலை நிமிராமலே சொல்கிறாள்: "கொக்கிய விடுங்க தம்பி. உங்க வாயில ஒண்ணு இருந்துச்சே, அத எடுத்துக் கொடுத்திருக்கலாம்ல." தொட்டியில் தண்ணீர் சொட்டுகிறது. பயிற்சியாளரின் கை தானாக எழுந்து வாயைப் பொத்திக்கொள்கிறது.