சாமி உத்தரவு

கோயில் மரத்தில் இரண்டு கிடாக்களைக் கட்டியிருந்தார்கள். ஒன்று மயிலை, மற்றது அதைவிட மூத்த கருவாயன். பூசாரி கிடாவின் தலையில் தண்ணீர் ஊற்றுவார். அது உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று வெட்டுவார்கள். சிலுப்பாவிட்டால் அவிழ்த்துவிடுவார்கள்.

“சாமி என் மேல்தான் இறங்கும், அண்ணே. காலையிலிருந்தே எனக்குப் புல்லரிக்கிறது” என்றது மயிலை.

“நேற்று மழையிலும்தான் சிலுப்பினாய். அப்போது எந்தச் சாமி இறங்கியது? அது வெறும் தண்ணீர், தம்பி. அசையாமல் நின்றால் பிழைப்பாய்” என்றது கருவாயன்.

மயிலைக்கு ரோஷம் வந்துவிட்டது. “வெறும் தண்ணீருக்கு நான் சிலுப்ப மாட்டேன். சாமி வந்தால்தான்.”

பூசாரி மூன்று சொம்பு ஊற்றினார். மயிலை கண்ணை மூடிச் சாமிக்காகக் காத்து நின்றது. தண்ணீர் வழிந்து தரையில் ஓடியது. யாரும் வரவில்லை. “இதைச் சாமி கேட்கவில்லை” என்று பூசாரி கயிற்றை அவிழ்த்தார்.

பிறகு கருவாயன் மேல் ஊற்றினார். அது பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. இரண்டாவது சொம்பில் அதன் உடம்பு தலை முதல் வால் வரை தானாகக் குலுங்கியது. பெண்கள் குலவையிட்டார்கள்.

மயிலை அருகில் வந்து தலையைத் தாழ்த்திக் கேட்டது: “சாமி எப்படி இருந்தது, அண்ணே?”

“காதுக்குள் தண்ணீர் போய்விட்டது, தம்பி” என்றது கருவாயன்.