படம் இல்லாத நாற்பது நொடி

அம்பத்தூர் வீட்டின் தகரக் கூரை அனலைக் கக்குகிறது. துலுக்கானத்தின் வலது கையில் மூன்று விரல்களை பிரஸ் மெஷின் தின்றுவிட்டது. அவன் கவனக்குறைவுதான் என்று கம்பெனி ஒரு வீடியோ காட்டுகிறது. மகள் ஜோதிகா, அதே கேமரா படங்களை லேபர் ஆபீஸ் மூலம் வாங்கி, அவற்றின் பெயரில் உள்ள நேரப்படி கோத்து வீடியோவாக்க நிரல் எழுதி ஓடவிடுகிறாள். நொடிக்கு ஒரு படம். சூப்பர்வைசர் மெஷினருகே குனிகிறான். அதோடு திரை அசையாமல் நிற்கிறது. “இன்னாம்மே, லேப்டாப் பூட்ச்சா?” “இல்ல நைனா. நாப்பது நொடி படத்தத் தூக்கிட்டு, மிச்சத்த ஒட்டிக் காட்டிக்கீறானுங்க. நான் அந்த எடத்த ஒட்டாம காலியா அப்டியே உட்டுக்கீறேன், அதான் கடேசிப் படமே நிக்கிது.” “அப்பதான் அந்த நாயி, வேல வேகமா ஓடணும்னு தடுப்புக் கம்பியக் கழட்னான்.” துலுக்கானம் கட்டுப் போட்ட கையால் திரையைக் காட்டுகிறான். ஜோதிகா அந்த இடத்தைத் தாண்டி வீடியோவை ஓட்டப் போகிறாள். “கைய எடு! நாளைக்கி லேபர் ஆபீசர் முன்னால நாப்பது நொடியும் அவனுங்க உக்காந்து பாக்கட்டும்.”