வேலிக்கு இந்தப் பக்கம் குளிர்

இரவு குளிர்ந்தால்தான் திராட்சையில் புளிப்பு தங்கும். ஒயினுக்கு அந்தப் புளிப்புதான் உயிர். அதனால் எங்கள் மலையில் தோட்டத்துக்கு ஒரு வெப்பமானி உண்டு. இரவு பன்னிரண்டு டிகிரியைத் தாண்டும் தோட்டத்தை, ‘மன்னவனூர் ஒயின்’ எல்லையிலிருந்து அந்த வருஷமே அதிகாரிகள் நீக்கிவிடுவார்கள். அப்புறம் அந்தப் பெயரில் விற்க முடியாது; பழத்துக்கு விலையும் கிடைக்காது.

இந்த வருஷம் எல்லாருக்கும் தாண்டியது. நான் மட்டும் வெப்பமானியைச் சுற்றி ஐஸ் பைகளைக் கட்டிவைத்தேன். எல்லைக்கோடு என் வேலியோடு நின்றது.

பக்கத்துத் தோட்டத்துச் செவந்தி கைரம்பத்தோடு வந்தாள்.

“கொஞ்சம் குளிரை வேலி தாண்டி அனுப்பக் கூடாதாண்ணே?” என்று சிரித்தாள். “என் மண்ணுதான் சூடேறிப்போச்சு. கொடியை எடுத்துட்டு பீன்ஸ் போடப்போறேன். உங்க கை ராசியான கை. முதல் வெட்டு நீங்க வெட்டுங்க.”

ரம்பத்தை வாங்கி அறுத்தேன்.

“இன்னும் கீழண்ணே,” என்றாள். “இல்லன்னா திரும்பத் துளிர்த்துடும்.”

குனிந்து, இன்னும் கீழே அறுத்தேன்.