பெருவாயனின் கடைசி உயிர்

“எலே அனூப், விலகு! அதுக்க வாயி உனக்க நேரெயாக்கும் வருது!”

சுந்தரதாஸ் போட்ட சத்தத்தில், அடுக்களையில் நின்ற அவர் மனைவி ஆனந்தபாய் கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். மருமகன் அனூப் அவசரமாகப் பகடையை உருட்டினான். மூன்று. அவ்வளவுதான், அவன் ஆடிய வில்லாளி பெருவாயனின் தொண்டைக்குள் போய்ச் சேர்ந்தான்.

பெருவாயன், மகள் பின்சி தன் மனசிலிருந்து உண்டாக்கிய ராட்சசக் கடல் விலங்கு. அனூப்பைக் கட்டிக்கொண்டு பாறசாலைக்குப் போன பிறகு அவளுக்குப் பிடித்த பைத்தியம் இந்த விளையாட்டு. மேசைமேல் ஒரு கற்பனை ஊர். ஆளுக்கொரு வேஷம். என்ன செய்யப்போகிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்று இருபது முகமுள்ள பகடை சொல்லும். விலங்கை ஆட்டுவிப்பவள் பின்சி. அதற்கு மிச்சமிருக்கும் உயிர்களைப் புளியங்கொட்டைகளாக்கி, ஒரு காலண்டர் அட்டையை நிறுத்தி அதன் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். அப்பா சுந்தரதாஸ், அந்த ஊரின் தலைவர்.

மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் சிரிப்பும் கும்மாளமுமாக ஆடுவார்கள். இன்றைக்குப் பந்தயம் இருந்தது. பெருவாயன் ஜெயித்தால் அப்பாவும் அம்மாவும் இந்தப் பொழியூர் வீட்டைப் பூட்டிவிட்டுப் பாறசாலைக்கு வந்துவிட வேண்டும். அப்பா ஜெயித்தால் அந்தப் பேச்சை இனி யாரும் எடுக்கக் கூடாது. பந்தயம் கட்டியது அப்பாதான்.

போன வாரம் பக்கத்து வீட்டு அடுக்களையைக் கடல் கொண்டுபோயிருந்தது. அந்த வரிசையில் எல்லாரும் சாமான் ஏற்றிக் கிளம்பினார்கள். படகு எஞ்சின் பழுது பார்க்கும் சுந்தரதாஸ் மட்டும் சர்ச் வாசலில் நின்று, “தண்ணியக் கண்டு ஓடுற ஆளு நான் இல்ல” என்று நாலு பேர் கேட்கச் சொன்னார். அதன்பிறகு யார் கெஞ்சியும் மனிதர் மசியவில்லை. “அவரு வந்தா நானும் வாறேன்” என்று அம்மாவும் ஒற்றைக்காலில் நின்றாள். பின்சிக்கு ராத்திரியில் தூக்கமே போய்விட்டது.

“அப்பா, பெருவாயன் கடைசித் தெருவுக்கு வந்தாச்சு. தலைவருக்க வீடு மட்டுந்தான் பாக்கி உண்டு. என்ன செய்யப்போறிய?”

“ஈட்டிய எடுத்து அதுக்க கண்ணுல குத்துவேன்.”

“மாமா, பேசாம வீட்ட விட்டு இறங்கிரலாமே?” என்றான் அனூப்.

“செத்தவன் வாயத் திறந்து மிண்டப்பிடாது.”

வெளியே ஓர் அலை வந்து அறைந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மூவரும் கேட்காதது போல இருந்தார்கள். சுந்தரதாஸ் பகடையை உருட்டினார்.

பதினெட்டு.

அட்டைக்குப் பின்னால் இருந்தது ஒரே ஒரு புளியங்கொட்டை. பதினைந்துக்கு மேல் விழுந்தால் அதுவும் போக வேண்டும். பெருவாயன் செத்தாயிற்று. இனி வீட்டை விட்டு வரச் சொல்லி ஜென்மத்துக்கும் அவள் வாயைத் திறக்க முடியாது. அடுக்களை வாசலில் அம்மா ஈரக் கையோடு நின்று அவளையே பார்த்தாள்.

பின்சி அந்தக் கொட்டையை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

“நல்ல அடியாக்கும். ஆனா சாவல்ல. இன்னும் ஒரு உயிரு உண்டு.”

“உண்டோ?” சுந்தரதாஸ் மகளின் முகத்தைப் பார்த்தார்.

“உண்டு அப்பா.” அவளுக்குக் காது இரண்டும் சுட்டது. “இது கடைசி உருட்டு. பதினஞ்சுக்கு மேல விழுந்தா நீங்க ஜெயிச்சிய. இல்லெங்கி வீடு போச்சு.”

சுந்தரதாஸ் பகடையை உள்ளங்கையில் வைத்துக் குலுக்கினார். கண்ணை மூடி உருட்டினார். அது மேசை முழுக்க ஓடி அவருடைய சாயா கிளாசில் முட்டி நின்றது. காலண்டர் அட்டை மறைத்ததால் பின்சிக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் எட்டிப் பார்ப்பதற்குள் அப்பா பகடையை எடுத்துவிட்டார்.

“ரெண்டு” என்றார். “தோத்தாச்சு. ஆனந்தபாய், பெட்டிய எடு.”

அம்மா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அது எந்த அழுகை என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

சாயங்காலம் ஆவதற்குள் வண்டியில் சாமான் ஏறிவிட்டது. சாயாக்கடையில் இருந்தவர்கள் வேடிக்கை பார்க்க எழுந்து வந்தார்கள். சுந்தரதாஸ் அவர்களைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: “கடலுக்குப் பயந்து போறேன்னு ஆரும் நினைச்சிராதுங்க. மககிட்ட பந்தயத்துல தோத்துட்டேன். சொன்ன வாக்கு மாறப்பிடாது, பாத்துக்கிடுங்க.”

கேட்ட பின்சிக்கு, அப்பாவின் வாக்கை வைத்தே அப்பாவை ஏமாற்றிவிட்டோமே என்று அழுகை முட்டியது. வண்டிக்குப் பின்னால் கயிறு கட்டிக்கொண்டிருந்த அனூப்பிடம் போய்க் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“நான் கள்ளம் காட்டிட்டேன், அனூப். அப்பா பதினெட்டு போட்டப்பமே பெருவாயன் செத்துப்போச்சு.”

அனூப் முன்சீட்டில் இருந்த மாமனாரை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

“அப்போ அது ரெண்டு தடவ செத்திருக்கு, பின்சி” என்றான் மெல்ல. “கடைசியா விழுந்தது இருபதாக்கும். நான் வாயத் திறக்கப் போனப்போ, மாமா மேசைக்கு அடியில எனக்க கால மிதிச்சிட்டாவ.”