திருப்பி அனுப்புகிறவர்

"ஒரு ஆள் மேல எனக்கு அடங்காத கோபம் ஃபாதர். நான் எதைச் செஞ்சு காட்டினாலும் அந்தாளுக்குப் பிடிக்கலை. மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லிடுறாரு."

முழந்தாளிட்டிருந்த ஜெர்லின் குரலை அடக்கத்தான் பார்த்தாள். முடியவில்லை. தள்ளி வரிசையில் நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

துணித் திரைக்கு அந்தப் பக்கமிருந்து சாமியார் கேட்டார். "மெதுவா சொல்லும்மா. குடிப்பாரா?"

"தெரியலையே ஃபாதர்."

"கல்யாணமாகி எத்தனை வருஷம் ஆச்சு?"

"ஐயோ, என் வீட்டுக்காரர் இல்லை ஃபாதர்! சார்லஸ் தங்கமானவரு. வெளியே வேப்பமரத்தடியில பைக்கோட நிக்கிறாரு. இது வேலையில ஒரு ஆளு."

தவக்காலத்தில் மரக்காணம் கோவிலுக்குப் பாவசங்கீர்த்தனம், அதாவது பாவ அறிக்கை, கேட்க வெளியூர்ச் சாமியார்கள் வருவார்கள். சொந்தப் பங்குச் சாமியாரிடம் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் அவர்களிடம் போவார்கள். இவர் புதுச்சேரிப் பக்கம் ஏதோ காலேஜில் என்னவோ பாடம் நடத்துகிறவர் என்பது மட்டும்தான் ஜெர்லினுக்குத் தெரியும்.

"என்ன வேலைம்மா?"

"வீட்டுலேர்ந்தே கம்ப்யூட்டர் வேலை ஃபாதர். இங்க சிஸ்டருங்க நடத்துற கிளினிக்ல ரத்தம் பார்க்கிற மெஷின் இருக்குது. அதோட சாஃப்ட்வேர் ரொம்பப் பழசு. புது கம்ப்யூட்டருக்குள்ள ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிற மாதிரி நடிக்க வச்சு, அதுக்குள்ள ஓட்டிக் கொடுத்தேன். கம்ப்யூட்டருக்கு அடியில ஓடுற ஆதாரப் புரோகிராமைக் கர்னல்னு சொல்லுவோம்; அது அப்டேட் ஆச்சு, இது நின்னுபோச்சு."

திரை அசையவில்லை. ஜெர்லின் கொட்டித் தீர்த்தாள்.

"பிராசஸருக்குள்ள ரெஜிஸ்டர்னு சின்னச் சின்ன அறைங்க மாதிரி இருக்கும். பழைய சாஃப்ட்வேர் அதுல ஒண்ணுல என்ன இருக்குன்னு கேட்குது. அங்க நிஜமா அந்தப் பிராசஸர் இல்லை, கர்னல்ல எழுதியிருக்கிற கோடு, அந்தப் புரோகிராம் வரிங்கதான் அது மாதிரி நடிச்சுப் பதில் சொல்லணும். இப்ப சொல்றதில்லை. நான் அதைச் சரிபண்ணி அனுப்பினேன். உலகத்துல யாரு வேணா எழுதி அனுப்பலாம், ஆனா அந்தக் கோடைப் பராமரிக்கிறவர் ஒருத்தர் இருக்காரு. அவர் சரின்னாதான் சேரும். எத்தனை தடவை அனுப்பினாலும் 'தப்பு, நிஜப் பிராசஸர் இப்படிச் செய்யாது'ன்னு ஒரு வரி. திருப்பி அனுப்பிடுறாரு. பேருகூட ரெண்டு எழுத்துதான் போடுறாரு. எந்த ஊரோ, எந்த நாடோ!"

"செய்யுமா, செய்யாதா?"

ஜெர்லின் தயங்கினாள். "செய்யாதுதான் ஃபாதர். தெரியாத ரெஜிஸ்டரைக் கேட்டா அது எரர் கொடுக்கும். நான் எதைக் கேட்டாலும் பூஜ்யம்னு சொல்ல வச்சுட்டேன். எதுவும் நிக்காம ஓடும்ல?"

"அப்போ கேட்டதுக்கெல்லாம் ஒரு பொய்."

"நல்லதுக்குத்தானே ஃபாதர்! உப்பளத்துல வெயில்ல நிக்கிறவங்களுக்கு கிட்னி கெட்டுப்போகுது. அம்சவல்லின்னு ஒரு அக்கா, வீங்கின காலோட ரத்தம் பார்க்கத் திண்டிவனம் பஸ் ஏறுறாங்க. சிஸ்டர் என்னைப் பார்க்கிறப்பெல்லாம் 'ஆச்சாம்மா?'ன்னு கேட்கிறாங்க. நான் என்னன்னு சொல்லுவேன்?"

அவள் அழுதுவிட்டாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அதான் ஒரு மெயில் எழுதி வச்சிருக்கேன். படிச்சா அந்தாளுக்குச் சோறு இறங்காது. உங்க கர்னலும் வேணாம், இந்த வேலையும் வேணாம்னு முடிச்சிருக்கேன்."

"அனுப்பிட்டியா?"

"இல்லை ஃபாதர். வீட்டுக்குப் போய்த்தான் அனுப்பணும்."

"ஏம்மா, செய்யப்போற பாவத்துக்கு அட்வான்ஸா மன்னிப்புக் கேட்க வந்தியா?"

அழுகைக்கு நடுவிலும் ஜெர்லினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சாமியார் தயங்கித் தயங்கிக் கேட்டார். "எல்லாத்துக்கும் பூஜ்யம்னு சொல்லாம, அந்த ஒண்ணைக் கேட்டா மட்டும் பழைய மெஷின் என்ன சொல்லுமோ அதையே சொல்லிட்டு, மத்ததுக்கு இல்லைன்னுட்டா? யாருக்கும் பொய் சொன்ன மாதிரி இருக்காதே."

ஜெர்லின் கண்ணை மூடி மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். சரியாக வந்தது. எங்கேயும் இடிக்கவில்லை. ஆனால் சந்தோஷத்துக்குப் பதில் கோபம்தான் இன்னும் பொங்கியது.

"பாருங்க ஃபாதர்! பாவம் கேட்க வந்த உங்களுக்கே இது தோணுது. எல்லாம் தெரிஞ்ச மனுஷன் இந்த ஒரு வார்த்தையை அன்னைக்கே எழுதியிருக்கக் கூடாதா? அந்தக் கோடுக்கு அந்தப் பக்கம் மனுஷங்க இருக்காங்கன்னு நினைக்கவே மாட்டாரா?"

"அந்த மெயில்?"

"அழிச்சுடுறேன் ஃபாதர். அம்சவல்லியக்காவுக்காக இன்னொரு தடவையும் எழுதி அனுப்புறேன். ஆனா அந்தாளு முகத்தை மட்டும் ஒரு தடவை பார்த்தேன்னா, ஏன் இப்படின்னு நேருக்கு நேரா கேட்காம விடமாட்டேன்."

ஜன்னல் வழியாக உப்புக் காற்று வந்து மெழுகுவர்த்திகளை அலைக்கழித்தது. சாமியார் பாவமன்னிப்பு ஜெபத்தைச் சொல்லத் தொடங்கினார். நடுவில் ஒரு வார்த்தையில் தடுமாறி, அதையே மறுபடி சொன்னார். முடித்துச் சிலுவை வரைந்ததும் ஜெர்லின் நன்றி சொல்லி எழுந்தாள்.

அப்போது துணித் திரை மெல்ல ஒரு பக்கமாக விலகியது. கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்த சாமியார், தலையைத் தாழ்த்தியபடி சொன்னார்.

"நேருக்கு நேரா கேளும்மா. அந்தாளு நான்தான்."